எண்ணுபவனுக்கு நான் எழுதிய பதினான்கு பக்கம்

மொழிபெயர்ப்பாளராகப் புதிதாக நியமனம் பெற்ற உங்களில் ஒருத்தி போன மாதம் என்னைப் பார்க்க வந்தாள். போகும்போது வாசலில் நின்று கேட்டாள்: "சட்டம், சுற்றறிக்கை எல்லாம் சமாளிச்சிடலாம் மிஸ். கதை, கவிதை எண்டு மேசைக்கு வந்தா என்ன செய்யிறது? அதிலை ஒரு சொல்லுக்கு நாலு கருத்து இருக்குமே."

"அப்பிடி எப்பவாவதுதான் வரும், பயப்பிடாதேங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது மறுமொழி அல்ல, தப்பித்துக்கொண்டது. எனக்கு அப்படி ஒன்று வந்தது, ஒரே ஒருமுறை. அதை நான் கெடுத்தேன். எப்படிக் கெடுத்தேன் என்பதை அவளுக்கும் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் முற்பகுதி. திருகோணமலையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பாளர். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வேலை. நாட்டில் அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்தது. துறைமுகத்தில் வேலைநிறுத்தம் வரும் என்று ஒரு கதை அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் வேறோர் அலுவலகத்திலிருந்து ஒரு கடித உறை வந்தது. உள்ளே மெல்லிய தமிழ்ப் புத்தகம் ஒன்று. பல இடங்களில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. யாரோ பெயர் போடாமல் அனுப்பிய முறைப்பாடு அது. கோடு போட்ட பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, அவற்றின் கருத்து என்னவென்று விளக்கமும் எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள்.

புத்தகத்தின் பெயர் 'எண்ணுபவன்'. எழுதியவர் தவராசா என்ற ஒருவர். திரியாய் என்ற ஊர்க்காரர், துறைமுகத்தில் இறங்கும் சாமான்களை எண்ணிப் பதியும் எழுதுவினைஞர். தன் செலவிலேயே நகரத்தில் ஒரு சின்ன அச்சுக்கூடத்தில் அச்சடித்திருந்தார்.

அதுபோல ஒரு தமிழை நான் அதற்கு முன் வாசித்ததில்லை. கதை ஒரே ஒரு காலை நேரத்தில் நடக்கிறது. துறையில் ஒருவன் நின்று மூட்டைகளை எண்ணுகிறான். 'எண்' என்றால் கணக்கிடு, 'எண்' என்றால் நினை. ஆகவே அவன் எண்ணுவதெல்லாம் நினைப்பதாகவும் இருக்கிறது. நானூறு வருடக் கப்பல்கள் எல்லாம் அந்த ஒரு காலையில் அந்த ஒரு துறைக்கு வருகின்றன. போர்த்துக்கேயன் மலைக்கோவிலை இடித்த கல்லை எண்ணிக் கோட்டைக்கு ஏற்றுகிறான். ஒல்லாந்தன் அதே கல்லைத் திரும்ப எண்ணுகிறான். பிரெஞ்சுக்காரன் வந்து பாதியில் விட்டுப் போகிறான். ஆங்கிலேயன் எண்ணி முடித்துக் கடற்படையையும் சுருட்டிக்கொண்டு போகிறான். எல்லாம் போன பிறகும் நம்முடைய ஆள் பென்சிலோடு நிற்கிறான். முற்றுப்புள்ளிகள் மிகக் குறைவு. ஒரு வசனத்தில் 'கோட்டை' என்று தொடங்குவது அடுத்த வசனத்தில் 'கோட்டை விட்டான்' என்று முடியும்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வருடக்கணக்காகக் காணி உறுதிப் பத்திரமும் இடமாற்றக் கடிதமும் பெயர்த்த கைக்கு இப்படி ஒரு வேலை. இதை யார் எதற்காகக் கேட்கிறார்கள் என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அகராதியை எடுத்துவைத்துக்கொண்டு பின்னேரங்களிலும் இருந்து வேலை செய்தேன்.

கடைசி அத்தியாயத்தில்தான் சிவப்புக் கோடு கூட. இரண்டு விஷயங்கள். ஒன்று, முன் அத்தியாயங்களில் 'கலம்' என்று வந்த சொல் அங்கே 'களம்' என்று மாறியிருந்தது. கப்பல் என்று பொருள்படும் சொல், போர்க்களம் என்று பொருள்படும் சொல்லாகிறது. மற்றது இந்த வசனம்: 'கரையிலுள்ளவர் எல்லாம் கரையும் நேரம் கல் எழும்.'

கரைதல் என்றால் அழிந்து இல்லாமற் போதல். கரைதல் என்றால் குரல் எழுப்பிக் கூப்பிடுதலும்தான், காகம் கரைகிறது என்கிறோமே. கல் என்பது இடித்த கோவிலின் கல். எறிகிற கல்லாகவும் இருக்கலாம். 'கற்றுக்கொள்' என்ற ஏவலும் அதுதான். இப்படி ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க எனக்கு உற்சாகம் ஏறியது. பதினான்கு பக்கம் விளக்கம் எழுதினேன். எல்லாவற்றையும் எழுதிவிட்டு, முடிவாக எது கெட்டித்தனமாகத் தெரிந்ததோ அதை மேலே வைத்தேன். துறைமுகத்து ஆட்கள் ஒன்றாகக் குரல் எழுப்பும் நாளில், பறிக்கப்பட்ட கல் அவர்கள் கையில் எழும் என்று ஆசிரியர் சொல்வதாகக் கொள்ளலாம் என்றும், கலம் களமாவது போராட்டத்துக்கான அறிவிப்பாக இருக்கக்கூடும் என்றும் எழுதினேன். கையெழுத்து வைத்து அனுப்பினேன். அருமையான வேலை என்று ஒரு பாராட்டுக் குறிப்பும் வந்தது. அதை மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டேன்.

மூன்று கிழமை கழித்து என் மேசைக்கு முன்னால் ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். மெலிந்த ஆள், சட்டைப் பையில் இரண்டு பென்சில். சிங்களத்தில் தட்டெழுதிய ஒரு கடிதத்தை நீட்டினார்.

"இதைத் தமிழிலை எழுதித் தருவியளோ மிஸ்? வேலையாலை நிப்பாட்டியிருக்கிறது விளங்குது. என்னத்துக்கு எண்டுதான் விளங்கேல்லை. வாற கிழமைக்குள்ளை மறுமொழி குடுக்கவேணுமாம்."

"இருங்கோ" என்று கதிரையைக் காட்டிவிட்டுக் கடிதத்தைப் பார்த்தேன். பெயர் தவராசா. குற்றச்சாட்டுகள் வரிசையாக இருந்தன. மூன்றாவதில் எனக்குக் கை நின்றுவிட்டது. அது என்னுடைய வசனம். நான் ஆங்கிலத்தில் எழுதியதை யாரோ சிங்களத்தில் பெயர்த்திருக்கிறார்கள். இப்போது அதை நான் தமிழில் பெயர்க்க வேண்டும், எழுதிய ஆளிடமே கொடுப்பதற்கு. வழியில் ஒரு மாற்றமும் நடந்திருந்தது. நான் 'கொள்ளலாம்' என்று எழுதியது 'கூறுகிறார்' என்று ஆகியிருந்தது. 'இருக்கக்கூடும்' என்றது 'ஆகும்' என்று நின்றது. கடைசிப் பந்தியில், விசாரணை முடிவைப் பொறுத்து விஷயம் அவசரகாலச் சட்டத்தின் கீழ் மேலிடத்துக்கு அனுப்பப்படலாம் என்றிருந்தது. அப்படி அனுப்பினால் என்ன நடக்கும் என்று அந்த நாளில் எல்லாருக்கும் தெரியும். ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள்.

நான் பெயர்த்து எழுதினேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் வாங்கி நின்றபடியே வாசித்தார். மூன்றாவது பந்தியை இரண்டு தரம் வாசித்தார்.

"இதை எழுதின ஆள் நல்லா வாசிச்சிருக்கிறார்" என்றார்.

நான் பேனையை மூடினேன்.

"உண்மையாத்தான் மிஸ். என்ரை கூட்டாளிமார் பத்துப் பேர் வாங்கினவை. ஒருத்தரும் கடைசி அத்தியாயத்துக்குப் போகேல்லை. இந்த ஆள் முழுக்க வாசிச்சிருக்கிறார். நான் நினைக்காததையும் வாசிச்சிருக்கிறார். அந்தக் களம் விஷயம் மட்டும்..." என்று சொல்லி நிறுத்தினார். பிறகு, "அது அச்சுக்கூடத்திலை கேட்டாத்தான் தெரியும். சரி, வாறன்" என்று கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

எழுதியது நான்தான் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அலுவலக இரகசியம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் அதுவல்ல. வெட்கமும் பயமும்தான்.

அடுத்த நாள் மத்தியானம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்த அச்சுக்கூடத்துக்குப் போனேன். சந்தைக்குப் பக்கத்தில், கலியாணக் கடிதமும் துண்டுப் பிரசுரமும் அடிக்கிற இடம். எழுத்துக் கோப்பவர் மூதூரிலிருந்து தினமும் காலை லோஞ்சில் குடாவைக் கடந்து வருகிறவர். முஸ்லிம் பெரியவர், எல்லாருக்கும் 'நானா', அண்ணன் என்று அர்த்தம். வயது அறுபதுக்கு மேல். சோற்றுப் பார்சலைப் பிரிக்கப்போனவர் என்னைக் கண்டு மூடிவைத்தார்.

"நானா, இந்தப் புத்தகம் நீங்கள் கோத்ததோ?"

"ஓம் புள்ள. ஏன், பிழை கனக்கவா?"

நான் கடைசி அத்தியாயத்தைத் திறந்து 'களம்' என்ற சொல்லைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுவா? லகரம் முடிஞ்சி போயிட்டு. முன்னுக்குக் கோத்த பக்கமெல்லாம் அச்சேறாமக் கட்டிக் கிடந்திச்சு. பெட்டியில இரிந்த கொஞ்சத்த மத்தச் சொல்லுக்குப் போட்டன். கலம் எண்டதுக்குக் களம் எண்டு போட்டா அதுவும் சொல்லுத்தானே, பாக்கிறவனுக்குப் பிழை எண்டு தெரியாது. அந்தக் கிழம அடிச்ச நோட்டீசெல்லாம் இப்பிடித்தான்."

எழும்பிப் போய் ஒரு பழைய கட்டிலிருந்து துண்டொன்றை உருவி எடுத்துவந்தார். யாரோ ஒருவரின் பழைய தோணியை விற்கும் விளம்பரம். முதல் வரியில் 'பகிரங்க ஏளம்' என்றிருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு லகரத்தின் மேல் நான் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.

"எழுதினவருக்குத் தெரியுமோ நானா?"

"சொன்னன். புறூப் பாக்க வந்த நேரம் சொன்னன், லகரம் வந்தா மாத்தித் தாறன் எண்டு. அவர் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இரிந்தார். பிறகு சிரிச்சிட்டு, 'இருக்கட்டும் நானா, அதுவும் ஒரு கதை சொல்லுது' எண்டார். விட்டுட்டன்."

இது நான் எதிர்பார்க்காதது. அச்சுப் பிழை என்று சொல்லிவிட்டால் பாதி முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஆனால் அவருக்குத் தெரிந்திருக்கிறது, வேண்டும் என்றே விட்டிருக்கிறார்.

மற்ற வசனத்தையும் காட்டினேன். அவர் விரலால் தொட்டுத் தொட்டுச் சத்தமாக வாசித்தார். 'கரையிலுள்ளவர் எல்லாம் கரையும் நேரம் கல் எழும்.'

"இதுக்கு என்ன கருத்தெண்டு நினைக்கிறியள்?"

"இதுக்கென்ன? தோணிக்காரன் கல்லெடுக்கிறான்."

"என்ன கல்லு?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நங்கூரக் கல்லு. கயித்தில கட்டிப் போடுற கல்லு. கரையில நிக்கிறவங்க எல்லாம் சத்தம் வெச்சுக் கூப்பிட்டா, கல்ல எடுத்துட்டுத் தோணிய விடுவாங்க. எங்கட ஆக்களும் சொல்லுற, சல்லி ஊர் ஆக்களும் சொல்லுற. நீங்க எந்தப் பக்கம் புள்ள?"

"ஓர்ஸ் ஹில்" என்றேன். உத்தியோகக்காரர் குடியிருக்கும் மேட்டுப் பகுதி அது.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுச் சோற்றுப் பார்சலைத் திரும்பப் பிரித்தார்.

தோணிக் கல் என்ற கருத்து என் பதினான்கு பக்கத்தில் எங்கும் இல்லை. நான் வைத்திருந்த அகராதியில் அது இல்லை. அந்தக் கடலைத் தினமும் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

அலுவலகத்துக்குத் திரும்பி எங்கள் தலைமை மொழிபெயர்ப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதிகம் கதையாத மனிதர். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "அறிக்கையைத் திருத்தினால் உங்கட சேவைப் பதிவுக் கோவையிலை ஒரு கறை வரும். பதவி உயர்வுக்கு நிக்கிறியள். செய்யுங்கோ எண்டும் சொல்ல ஏலாது, செய்யாதேங்கோ எண்டும் சொல்ல ஏலாது. எழுதித் தந்தா, அண்டைக்கே அனுப்புவன்."

அன்றைக்கே எழுதினேன், இரண்டு பக்கம். அவரும் அன்றைக்கே அனுப்பினார். பத்து நாள் கழித்து விசாரணைக்கு வரச்சொல்லி எனக்கு அழைப்பு வந்தது.

விசாரணை ஒரு மாடி அறையில் நடந்தது. மூன்று அதிகாரிகள். தலைவர் சிங்களவர், ஓய்வு பெறும் வயது, மரியாதையான மனிதர். தமிழ் கொஞ்சம் விளங்கும், வாசிக்கத் தெரியாது. தவராசா ஒரு பக்கத்தில் இருந்தார். நான் உள்ளே போனதும் தன் கடிதத்தைப் பெயர்த்துத் தந்த மிஸ் என்று மட்டும் நினைத்துத் தலையை ஆட்டினார். தலைவர் பதினான்கு பக்கத்தையும் தூக்கிக் காட்டி, "இது நீங்கள் எழுதியதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "ஆம்" என்றேன். தவராசாவின் தலை அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

முதலில் களம் விஷயம். அச்சுக்கூடத்தில் லகர எழுத்து முடிந்ததைச் சொல்லி, தோணி விளம்பரத்தையும் கொடுத்தேன். தமிழ் தெரிந்த இளைய அதிகாரி 'பகிரங்க ஏளம்' என்பதைத் தலைவருக்கு விளக்கினார். தலைவர் லேசாகச் சிரித்தார். பிறகு கேட்டார்:

"இந்தப் பிழை எழுதியவருக்குத் தெரியுமா?"

அந்த அறையில் இதற்கு மறுமொழி தெரிந்தவர்கள் இரண்டு பேர். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்து எழுத்துக் கோப்பவரைக் கூப்பிட்டால் அவர் உள்ளதைச் சொல்லுவார். அதோடு என் வாயிலிருந்து வந்த எதையும் பிறகு யாரும் நம்பமாட்டார்கள். அது ஒரு காரணம். இன்னொன்று, என் எழுத்தால் தவராசாமேல் ஒரு பொய் ஏறிவிட்டது. அதைத் திருத்த இன்னொரு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"தெரியும்" என்றேன். "அச்சுக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவர் சிரித்துவிட்டு, இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார். வந்த பிழையை ரசித்து விட்டவர் அவர். போருக்கு நாள் குறிக்கிறவன் அச்சுக்கூடத்தில் எழுத்து முடியும்வரை காத்திருக்கமாட்டான்."

தலைவர் எழுதிக்கொண்டார். அடுத்தது கல். மூதூரிலும் சல்லியிலும் தோணிக்காரர் கல்லெடுப்பது என்று எதைச் சொல்கிறார்கள் என்று விளக்கினேன். இளைய அதிகாரி இடையில் வந்தார்.

"அப்படியென்றால் உங்கள் முதல் அறிக்கையில் சொன்ன கருத்து அந்த வசனத்தில் இல்லை. அப்படித்தானே?"

நல்ல மனதோடுதான் கேட்டார். ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். தவராசா தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கிறது" என்றேன்.

இளைய அதிகாரி பேனையைக் கீழே வைத்தார்.

"அந்த வசனத்தில் நான் ஐந்து கருத்துக் கண்டிருக்கிறேன். தோணியும் இருக்கிறது, கோவில் கல்லும் இருக்கிறது, படிப்பும் இருக்கிறது. இன்னொருவர் வந்தால் ஆறாவதைக் காண்பார். அப்படித்தான் அது எழுதப்பட்டிருக்கிறது. நான் செய்த பிழை என்னவென்றால், அதில் ஒன்றை எடுத்து, இதுதான் ஆசிரியர் சொல்வது என்கிற மாதிரி முன்னுக்கு வைத்ததுதான். அதை ஏன் வைத்தேன் என்றால், அதைக் கண்டுபிடித்தது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பதினான்கு பக்கத்தில் இருப்பது என்னுடைய எண்ணம். அதற்கு விசாரணை வைக்க வேண்டும் என்றால் என்னை வைத்து நடத்துங்கள். அவர் எதை நினைத்து எழுதினார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

தலைவர் தவராசாவைப் பார்த்து, "நீங்கள் எதை நினைத்து எழுதினீர்கள்?" என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

தவராசா நிமிர்ந்தார். "அப்பாவின்ரை தோணியை நினைச்சு எழுதத் தொடங்கினனான் ஐயா. முடிக்கேக்கை வேறை கனக்க வந்து சேர்ந்திட்டுது. எது எண்டு என்னாலை சொல்ல ஏலாது."

அதை அப்படியே பெயர்த்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக ஒரு வசனத்தையும் பெயர்த்ததில்லை.

வெளியே வந்தபோது படிக்கட்டில் அவர் எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். பாதியில் நின்று திரும்பினார்.

"அப்ப நீங்கள்தான்" என்றார்.

"ஓம்" என்றேன். "அண்டைக்கே சொல்லியிருக்கவேணும்."

அவர் திரும்பி இறங்கிப் போனார்.

முடிவு ஒரு மாதத்துக்குப் பிறகு வந்தது. மேலிடத்துக்கு அனுப்பவில்லை. வேலைக்குத் திரும்ப எடுத்தார்கள். ஆனால் துறையில் விடவில்லை. உள்ளே ஒரு களஞ்சிய அறைக்கு மாற்றினார்கள், கப்பல் கண்ணில் படாத இடம். விசாரணைக்கென்று அவரிடமிருந்து கைப்பற்றியிருந்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. எனக்கு ஒரு கண்டனக் கடிதம் கோவையில் ஏறியது. பதவி உயர்வு அந்தமுறை வேறொருவருக்குப் போனது. அதில் எனக்குக் குறை இல்லை. அவருடைய இடமாற்றத்தைத்தான் இப்போதும் மறக்க முடியவில்லை. நீதி கிடைத்தது என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

இதற்குப் பிறகு நான் சில வழக்கங்களை வைத்துக்கொண்டேன். ஓர் எழுத்து என் மேசைக்கு வந்தால், இதை யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்பதை முதலில் கேட்பேன். அகராதியில் பார்த்த சொல்லையும், அந்தத் தொழில் செய்கிற ஒருவரிடம் கேட்பேன். எனக்குப் பெருமை தருகிற விளக்கம் எதுவோ அதை ஒருநாள் ஆறவிட்டுத் திரும்பப் பார்ப்பேன். 'இருக்கலாம்' என்ற சொல்லை நம்பி எதையும் அனுப்பமாட்டேன். அது அடுத்த மேசைக்குப் போவதற்குள் உதிர்ந்துவிடும். பல கருத்துள்ள வசனம் வந்தால் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைப்பேன், ஒன்றையும் மேலே தூக்கமாட்டேன். எந்தக் கருத்தும் இல்லை என்று சொல்லி ஒருவரைக் காப்பாற்றவும் போகாதீர்கள். அப்படிச் சொன்னால் அந்த எழுத்தையே இல்லை என்று சொன்னதாகிவிடும். எழுதியவருக்கு அதுவும் ஒரு தண்டனைதான்.

இவ்வளவையும் எழுதியும், வாசலில் நின்று கேட்ட அவளுக்கு முழு மறுமொழி சொல்லிவிட்டேன் என்று நினைக்கவில்லை. நடந்த மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருடம், மாரி தொடங்கியிருந்த ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தவராசா என் மேசைக்கு வந்தார். சட்டை தோளில் நனைந்திருந்தது. ஒரு பொலித்தீன் பையைப் பிரித்து, கையால் எழுதிய தாள் கட்டொன்றை எடுத்து வைத்தார். நான் முதலில் ஏதோ கடிதம் என்று நினைத்துப் பேனையை எடுத்தேன்.

"புதுசு" என்றார். "களஞ்சியத்திலை இருந்து எழுதினது. நீங்கள் ஒருக்கா வாசிக்கவேணும்."

"நானோ?" என்றேன்.

"வேறை ஆர் கடைசி அத்தியாயம்வரை வாசிக்கிறது?"

தாள்களை என் பக்கம் இழுத்தேன். எவ்வளவு நாள் தருவீர்கள் என்று கேட்டேன்.

"ஆறுதலா வாசியுங்கோ. எல்லாத்தையும் சொல்லுங்கோ, பிழையெண்டாலும் சொல்லுங்கோ" என்று புறப்பட்டார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி, என் கையிலிருந்த பேனையைப் பார்த்தார்.

"ஆனா வாயாலை சொல்லுங்கோ மிஸ். எழுதித் தரவேண்டாம்."